வெளியிலிருந்து வந்த ஆட்சியாளர்கள்: ஆக்கிரமிப்புக் கால ஈராக்கின் இடைக்கால அரசும் நாடுகடந்து வாழ்ந்த தலைவர்களும் (2003–2006)

ஆய்வுச் சுருக்கம்

2003ஆம் ஆண்டு ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தபின் அமைக்கப்பட்ட ஈராக்கிய இடைக்கால அமைப்புகளில், பல்லாண்டுகள் வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பிய அரசியல் தலைவர்களே முதன்மை இடம் பெற்றனர். ஆக்கிரமிப்பு அதிகாரம் கலைக்கப்பட்ட பின்னரும், தேர்தல்கள் நடந்த பின்னரும் அவர்களுள் பலர் ஆட்சியில் நீடித்தனர். அமெரிக்க ஆதரவே இதற்குக் காரணம் என்னும் பொதுவான விளக்கம் ஒருபகுதி உண்மையை மட்டுமே கூறுகிறது. இட ஒதுக்கீட்டு முறை, அமைச்சகங்களின் மீதான பிடி, பாத் கட்சி நீக்கம், தேர்தல் முறை ஆகியவற்றின் வழியே அவ்வதிகாரம் எவ்வாறு தக்கவைக்கப்பட்டது என்பதையும், அதைத் தக்கவைக்க இயலாது போனவர்கள் யாவர் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஈராக், ஆக்கிரமிப்பு, நாடுகடந்தோர், இடைக்கால அரசு, ஆளுகை மன்றம், பாத் கட்சி நீக்கம், முஹாசசா.

முன்னுரை

அயல்நாட்டில் தஞ்சம் புகுந்த அரசியல் தலைவர்கள் தாயகம் திரும்பி ஆட்சியில் அமர்வது வரலாற்றில் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் இயங்கிய நார்வே, நெதர்லாந்து அரசுகள் போர் முடிந்ததும் தத்தம் தலைநகரங்களுக்குத் திரும்பின. அவ்வரசுகளுக்குச் சட்டத் தொடர்ச்சி இருந்தது. ஆக்கிரமித்தவனுக்கு எதிராக அவை நின்றன. ஈராக்கில் நிலைமை தலைகீழானது. அங்குத் திரும்பியவர்கள் எந்த அரசின் தொடர்ச்சியும் அல்லர். ஆக்கிரமித்த வல்லரசுகளே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. ஆகவே ‘இவர்கள் யாருடைய பெயரால் ஆளுகிறார்கள்’ என்னும் வினா முதல் நாளிலிருந்தே அவர்களைத் தொடர்ந்தது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு இங்கு வேண்டப்படுகிறது. தமிழில் ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் சொல் தொழில், கல்வி, போர் எனப் பல காரணங்களால் இடம்பெயர்ந்த மக்கள் அனைவரையும் தழுவி நிற்கிறது. அரசியல் காரணத்தால் வெளியேறி, தாயகத்தின் ஆட்சியை மாற்றுவதையே குறிக்கோளாகக் கொண்டு வெளிநாட்டில் இயங்குவோரை அச்சொல்லால் சுட்டுவது பொருள் மயக்கம் தரும். யோசி ஷெயின் 1989இல் வெளியிட்ட நூலில் இவர்களைத் தனி அரசியல் வகையினராகவே கொண்டு ஆராய்ந்தார். இக்கட்டுரை ‘நாடுகடந்தோர்’ என்னும் சொல்லைக் கையாள்கிறது. ஈராக்கியர்களோ இன்னும் எளிய பாகுபாட்டை வைத்திருந்தனர்: உள்ளே இருந்தவர், வெளியே இருந்தவர். பொருளாதாரத் தடையின் பன்னிரண்டு ஆண்டுகளையும் சதாம் ஹுசைனின் உளவுத்துறையையும் தாங்கியவர் ஒருபுறம். இலண்டனிலும் தெஹ்ரானிலும் திமிஷ்கிலும் இருந்தவர் மறுபுறம். இப்பாகுபாடு நியாயமானதா என்பது வேறு வினா. வெளியேறியோரில் பெரும்பாலோர் உயிருக்கு அஞ்சி வெளியேறியவர்களே. தஅவா கட்சியின் உறுப்பினராக இருப்பதே மரணதண்டனைக்குரிய குற்றம் என 1980ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இயாத் அல்லாவி 1978இல் இலண்டனிலுள்ள தம் வீட்டிலேயே கோடரியால் வெட்டப்பட்டார். ஆயினும் அரசியலில் நியாயத்தைக் காட்டிலும் மக்களின் உணர்வே முந்திச் செல்கிறது.

மன்றத்துக்கு முந்திய மன்றங்கள்

2003 ஜூலை 13 அன்று அறிவிக்கப்பட்ட ஈராக்கிய ஆளுகை மன்றம் அன்று பிறந்ததன்று. அதன் வித்து பத்தாண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டு மாநாடுகளில் ஊன்றப்பட்டது. அஹ்மத் சலபியின் தலைமையில் ஈராக்கியத் தேசியக் காங்கிரசு 1992இல் உருவானபோதே, ஷியா, சுன்னி, குர்து என்னும் விகிதப்படி தலைமைப் பொறுப்புகளைப் பகிரும் வழக்கம் தலைகாட்டிவிட்டது. 1998இல் அமெரிக்கப் பேராயம் நிறைவேற்றிய ஈராக் விடுதலைச் சட்டம் எதிர்க்கட்சியினருக்கு 97 மில்லியன் டாலர் வரையிலான உதவிக்கு வழிவகுத்தது. 2002 டிசம்பரில் இலண்டனிலும், 2003 தொடக்கத்தில் குர்திஸ்தானின் சலாஹுத்தீனிலும் கூடிய மாநாடுகளில் தலைமைக் குழு ஒன்று உருவெடுத்தது. ஜலால் தலபானி, மசூத் பர்சானி, சலபி, அல்லாவி, அப்துல் அசீஸ் அல்-ஹக்கீம், பின்னர் சேர்க்கப்பட்ட இப்ராஹீம் அல்-ஜாஃபரி ஆகியோர் அதில் இருந்தனர். போர் முடிந்தவுடன் ஆட்சியைத் தங்களிடம் ஒப்படைப்பார்கள் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.

2003 மே 12 அன்று பாக்தாத் வந்திறங்கிய பால் பிரெமர் அந்த எதிர்பார்ப்பைக் கலைத்தார். நாடுகடந்தோர் மட்டுமே ஈராக்கைப் பிரதிநிதித்துவம் செய்ய இயலாது என்பது அவர் நிலைப்பாடு. மே 22 அன்று நிறைவேறிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்றே ஏற்றது. அவ்வாறாயின் 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவு அவற்றைக் கட்டுப்படுத்தும்: இயன்றவரை நடைமுறையிலுள்ள சட்டங்களை மதித்தே ஒழுங்கை நிலைநாட்ட வேண்டும். நாட்டின் அரசியலமைப்பையே மாற்றியமைக்கப் புறப்பட்ட ஓர் ஆக்கிரமிப்புக்கு இவ்விதி இடையூறானது. ஈராக்கியர் சிலரின் ஒப்புதல் வேண்டப்பட்டது. ஆளுகை மன்றம் அத்தேவையின் விளைவு.

மன்றத்தின் 25 உறுப்பினர்களுள் ஷியா அரபியர் 13 பேர், சுன்னி அரபியர் 5 பேர், குர்துகள் 5 பேர், துருக்மானியர் ஒருவர், அசீரியக் கிறித்தவர் ஒருவர். பெண்கள் மூவர். நாட்டிலேயே இருந்த மருத்துவர்களும் பழங்குடித் தலைவர்களும் சேர்க்கப்பட்டனர் என்பது உண்மை. ஆனால் மன்றத்தின் தலைமை மாதந்தோறும் சுழலும் என முடிவான பின், அதற்குரியவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பதுபேரை நோக்கினால் அதிகாரத்தின் இருப்பிடம் விளங்கும். ஜாஃபரி, சலபி, அல்லாவி, அல்-ஹக்கீம், அத்னான் பச்சாச்சி, முஹம்மத் பஹ்ருல் உலூம் ஆகிய அறுவர் நாடுகடந்து வாழ்ந்தவர்கள். தலபானியும் பர்சானியும் 1991 முதல் பாக்தாதின் பிடிக்கு வெளியே தன்னாட்சி நடத்திய குர்துத் தலைவர்கள். எஞ்சியவர் ஈராக்கிய இசுலாமியக் கட்சியின் முஹ்சின் அப்துல் ஹமீத் ஒருவரே. உள்நாட்டார்க்கு மன்றத்தில் இருக்கை கிடைத்தது; தலைமை கிடைக்கவில்லை.

விடுமுறை நாளும் கொடியும்

மன்றத்தின் முதல் முடிவே இந்த இடைவெளியை வெளிச்சமிட்டது. சதாம் காலத்து விடுமுறை நாள்கள் ஆறு நீக்கப்பட்டு, பாக்தாத் வீழ்ந்த ஏப்ரல் 9 தேசிய நாளாக அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து திரும்பியவர்க்கு அது கொடுங்கோன்மை ஒழிந்த நாள். உள்ளே இருந்தவருள் பலர்க்கு, சதாமை வெறுத்தவர் உட்பட, அந்நியத் தாங்கி வண்டிகள் தலைநகரின் தெருக்களில் நுழைந்த நாளும் அதுவே. இரண்டு உணர்வும் ஒரே மனிதரிடத்தில் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதை மன்றம் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2004 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட புதிய கொடியின் கதை இதனினும் கூர்மையானது. அதனை வரைந்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிஃபத் சாதிர்ஜி; அப்போது இலண்டனில் வாழ்ந்துவந்தார்; மன்ற உறுப்பினர் நசீர் சாதிர்ஜியின் உடன்பிறந்தவர். வெண்ணிறத் துணியில் நீலப் பிறையும், அடியில் இரு நீலக் கோடுகளும் அவற்றிடையே ஒரு மஞ்சள் கோடும் அமைந்த அக்கொடி, இஸ்ரேலின் கொடியை நினைவூட்டுவதாகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ‘அல்லாஹு அக்பர்’ என்னும் தொடர் நீக்கப்பட்டதும் சினத்தைக் கிளப்பியது. ஃபலூஜாவிலும் நஜஃபிலும் மோதல் முற்றியிருந்த மாதம் அது. கொடி கைவிடப்பட்டது. சாதிர்ஜி சதாம் காலச் சிறையையும் கண்டவர் என்பதை எதிர்த்தவர்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு நாட்டின் கொடி இலண்டனில் வரையப்பட்டு உறவினரின் மன்றத்தில் ஏற்கப்பட்டது என்னும் செய்தியே மக்களின் செவிக்கு எட்டியது.

அமைச்சகங்கள்

அடையாளங்களில் தோற்ற மன்றம் நிர்வாகத்தில் வென்றது. 2003 செப்டம்பர் தொடக்கத்தில் 25 அமைச்சர்கள் அமர்த்தப்பட்டனர். இன, சமயப் பங்கீடு மன்றத்தின் விகிதத்தை அப்படியே ஒத்திருந்தது. அரபியில் ‘முஹாசசா’ எனப்படும் பங்கீட்டு முறை, வெளிநாட்டு மாநாடுகளின் ஏற்பாடாக இருந்த நிலையிலிருந்து அரசின் நடைமுறையாக மாறியது இங்கேதான். உறவுமுறையும் தன் பங்கைச் செய்தது. எண்ணெய் அமைச்சர் இப்ராஹீம் பஹ்ருல் உலூம் மன்ற உறுப்பினரின் மகன். வெளியுறவு அமைச்சர் ஹோஷ்யார் ஸெபாரி, பர்சானிக்குத் தாய்மாமன். வணிக அமைச்சர் அலி அல்லாவி, சலபிக்கு மருமகன் முறை. இயாத் அல்லாவிக்கும் உறவினர். (இந்த அலி அல்லாவியே பின்னர் 2007இல் இடைக்கால ஆட்சியின் தவறுகளைக் கடுமையாக விமரிசிக்கும் நூலை எழுதினார். அக்காலத்தைப் பற்றி உள்ளிருந்து எழுதப்பட்டவற்றுள் அந்நூலுக்கு இணையானது அரிது.)

ஈராக்கில் அமைச்சகம் என்பது கொள்கை வகுக்கும் இடம் மட்டுமன்று. எண்ணெய் வருவாயை நம்பிய நாட்டில் அரசே மிகப்பெரிய வேலைவாய்ப்பாளர். ஓர் அமைச்சகத்தைப் பெறுவது, பல்லாயிரம் பணியிடங்களையும் ஒப்பந்தங்களையும் பங்கிடும் உரிமையைப் பெறுவதாகும். நாட்டுக்குள் வேர் இல்லாத கட்சிக்கு வேர்விடும் மண்ணாக அமைச்சகம் அமைந்தது. இடைக்கால அரசின் பதவி ‘இடைக்காலமாக’ இருக்கலாம். அதன்வழி அமர்த்தப்பட்ட ஊழியர் இடைக்காலத்தவர் அல்லர்.

இதே காலத்தில் மன்றத்துக்குப் பன்னாட்டு ஏற்பும் வளர்ந்தது. 2003 ஆகஸ்டில் 1500ஆம் தீர்மானம் மன்றத்தை வரவேற்றது. அக்டோபரில் 1511ஆம் தீர்மானம், இடைக்காலத்தில் ஈராக் அரசின் இறையாண்மை மன்றத்திடமும் அமைச்சர்களிடமும் உருக்கொண்டுள்ளது என்றது. செப்டம்பரிலேயே ஸெபாரி அரபு லீகில் ஈராக்கின் இருக்கையில் அமர்ந்தார். இறுதி அதிகாரமோ பிரெமரிடம் இருந்தது. 2003 டிசம்பர் இறுதியில் அல்-ஹக்கீம் தலைமையில் மன்றம் 137ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, 1959ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தை நீக்கிச் சமயச் சட்டத்தின்கீழ் அவ்விவகாரங்களைக் கொணர முயன்றபோது பிரெமர் ஒப்பமிடவில்லை. பெண்கள் வீதியில் இறங்கி எதிர்த்தனர்; 2004 பிப்ரவரியில் மன்றமே அதனைத் திரும்பப் பெற்றது. தடுத்தவர் ஆக்கிரமிப்பு நிர்வாகி என்பதால், உள்நாட்டுப் பெண்கள் தாமே முன்னெடுத்த ஒரு போராட்டம் ஓரளவு மறைந்துபோனது வருந்தத்தக்கது.

போட்டியாளரை நீக்குதல்

2003 மே 16 அன்று வெளியான கூட்டணி இடைக்கால ஆணையத்தின் முதல் ஆணை பாத் கட்சியின் மேல்நிலை நான்கு படிநிலையினரை அரசுப் பணியிலிருந்து விலக்கியது. மே 23இன் இரண்டாம் ஆணை இராணுவத்தைக் கலைத்தது. இவற்றின் பாதுகாப்பு விளைவுகள் பெரிதும் பேசப்பட்டுள்ளன. அரசியல் விளைவு அந்த அளவு கவனம் பெறவில்லை. மூன்றரைப் பத்தாண்டுகள் ஒரே கட்சி ஆண்ட நாட்டில், நிர்வாகம் அறிந்தோர் பலரும் அக்கட்சியோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடையோரே. ஆசிரியப் பணியில் உயரவும் மருத்துவமனையில் பொறுப்பேற்கவும் உறுப்பினர் அட்டை உதவியது. வெளிநாட்டில் இருந்தவரிடம் அந்த அட்டை இல்லை. ஆகவே நீக்க விதி, எண்ணியோ எண்ணாமலோ, உள்நாட்டார் மீதே விழுந்தது.

2003 நவம்பரில் பிரெமர் இவ்விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ஆளுகை மன்றத்திடம் ஒப்படைத்தார். அதற்கென அமைந்த ஆணையத்தின் தலைவரானவர் சலபி. 1958இல் மன்னராட்சி வீழ்ந்தபோது சிறுவனாக நாட்டை விட்டு வெளியேறியவர், எவர் ஆசிரியராகத் தொடரலாம், எவர் கூடாது என்று முடிவு செய்யும் இடத்தை அடைந்தார். 2004 மார்ச் 8 அன்று ஒப்பமிடப்பட்ட இடைமாற்றக் கால ஆட்சிச் சட்டம், சட்டமன்ற வேட்பாளர் தகுதியிலும் இதே தடையைச் சேர்த்தது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட குடியுரிமை வைத்திருக்கலாம் என்றது. இரண்டு விதிகளையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். முன்னது உள்ளே இருந்தவரின் கடந்தகாலத்தை வினவியது. பின்னது வெளியே இருந்தவரின் கடந்தகாலத்தை வினவாமல் விட்டது.

பிராஹிமியின் தோல்வி

நாடுகடந்தோரின் பிடி தளர்வதற்கு ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. ஆயத்துல்லா அலி அல்-சிஸ்தானி 2003 ஜூன் இறுதியிலேயே, அரசியலமைப்பை எழுதுவோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்புரை வழங்கியிருந்தார். நவம்பர் 15 அன்று பிரெமரும் மன்றமும் ஒப்புக்கொண்ட, மாகாணக் கூட்டங்கள்வழித் தேர்வு என்னும் திட்டம் அவ்வெதிர்ப்பால் சரிந்தது. ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி அழைக்கப்பட்டார். கட்சிச் சார்பற்ற வல்லுநர்களைக் கொண்ட அரசு அமையட்டும். அதில் இடம்பெறுவோர் அடுத்த தேர்தலில் நிற்க வேண்டாம் என்பது அவரது முன்மொழிவு.

2004 மே 28 அன்று ஆளுகை மன்றம் தானே கூடி இயாத் அல்லாவியைப் பிரதமராக ஏற்றது. அமெரிக்கா இசைந்தது, பிராஹிமி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. குடியரசுத் தலைவர் பதவிக்கும் மன்றத்தின் உறுப்பினரே, காசி அல்-யாவர், வந்தார். ஜூன் 1 அன்று மன்றம் தன்னைக் கலைத்துக்கொண்டது. கலைந்த மன்றத்திலிருந்தே பிரதமரும் குடியரசுத் தலைவரும் கிடைத்திருந்தனர். ஜூன் 28 அன்று, குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, இறையாண்மை கைமாறியது. ஆகஸ்டில் தேசிய மாநாடு கூடி 100 உறுப்பினர் கொண்ட இடைக்காலத் தேசிய மன்றத்தை அமைத்தபோது 19 இடங்கள் பழைய ஆளுகை மன்றத்தினருக்கென முன்பே ஒதுக்கப்பட்டிருந்தன. முக்ததா அல்-சதரின் இயக்கம் மாநாட்டைப் புறக்கணித்தது. தந்தையை 1999இல் நஜஃபில் கொலைக்கு இழந்தும் நாட்டை விட்டு நீங்காத குடும்பம் என்பதே அவருடைய அரசியல் மூலதனம். அம்மூலதனத்துக்கு அம்மாநாட்டில் இடமில்லை.

தேர்தல் யாரை வடிகட்டியது?

2005 ஜனவரி 30 தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி, விகிதாசார முறை, மூடிய பட்டியல். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நேரமில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம், அக்காரணம் பொய்யுமன்று. ஆனால் ஓர் ஊரில் நன்கறியப்பட்ட ஆசிரியரோ மருத்துவரோ தனியே நின்று வெல்லும் வழி அதனால் அடைபட்டது. பாதுகாப்பை முன்னிட்டு வேட்பாளர் பெயர்கள் பலவும் வெளியிடப்படாத நிலையில், வாக்காளர் தேர்ந்தது பட்டியலையும் அதன் முகங்களையும்தான். 275 இடங்களில் ஐக்கிய ஈராக்கியக் கூட்டணி 140, குர்துக் கூட்டணி 75, அல்லாவியின் பட்டியல் 40 இடங்களைப் பெற்றன. அன்பார் மாகாணத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே. ஜாஃபரி பிரதமரானார், தலபானி குடியரசுத் தலைவரானார்.

இவ்விடத்தில் அமெரிக்க ஆதரவு என்னும் விளக்கத்தின் குறை புலப்படுகிறது. அமெரிக்க வெளியுறவுத்துறையின் நன்மதிப்பைப் பெற்றிருந்த பச்சாச்சியின் பட்டியல் ஓர் இடமும் பெறவில்லை. பென்டகனின் அன்புக்குரியவராயிருந்த சலபி, 2004 மே மாதத்தில் அமெரிக்க உதவித்தொகையை இழந்தார். அவர் வீடு சோதனைக்குள்ளானது. ஷியாக் கூட்டணியின் நிழலில் ஒதுங்கித் துணைப் பிரதமரானவர், 2005 டிசம்பர் தேர்தலில் தனியே நின்றபோது ஓர் இடமும் வெல்லவில்லை. வாஷிங்டனில் செல்வாக்குடையோர் வீழ, தெஹ்ரானில் 1982இல் உருவான இசுலாமியப் புரட்சிக்கான உயர்மன்றமும் தஅவா கட்சியும் நிலைத்தன. அவற்றுக்குப் பள்ளிவாசல்களின் வலைப்பின்னல் இருந்தது. சிஸ்தானியின் பெயர் தேர்தலில் துணைநின்றது. உயர்மன்றத்துக்கு பத்ர் என்னும் ஆயுதப் படையும் இருந்தது. 2005இல் உயர்மன்றத்தின் பயான் ஜப்ர் உள்துறை அமைச்சரானபின் பத்ர் படையினர் காவல்துறைக்குள் புகுந்தனர். அவ்வாண்டு நவம்பரில் பாக்தாதின் ஜாதிரியாவில் உள்துறைக் கட்டடம் ஒன்றில் 160க்கும் மேற்பட்ட கைதிகள், பலர் வதைக்கப்பட்ட நிலையில், கண்டெடுக்கப்பட்டனர். அமைச்சகம் வேர்விடும் மண் என்று மேலே சொல்லப்பட்டதன் கொடிய வடிவம் இது.

ஆகவே நாடுகடந்தோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். அயல் தலைநகரில் செல்வாக்குத் தேடியவர்க்கு அச்செல்வாக்கே முதலும் முடிவும். வெளியிலிருந்தபோதே கட்சியைக் கட்டிக் காத்தவர், திரும்பியதும் அதனைச் சமய வலைப்பின்னலோடும் அரசுப் பணியிடங்களோடும் இணைத்துக்கொண்டார். குர்துத் தலைவர்கள் இரண்டிலும் சேராதவர். அவர்க்கென நிலமும் படையும் முன்பே இருந்தன. இயாத் அல்லாவி மட்டும் இவ்வகைப்பாட்டுக்குச் சற்று விலகி நிற்கிறார். 2010இல் சுன்னி வாக்காளர் பெருமளவு ஆதரித்த பட்டியலின் தலைவராக 91 இடங்களுடன் முதலிடம் பெற்றும், 89 இடங்கள் பெற்ற நூரி அல்-மாலிகியிடம் அவர் பிரதமர் பதவியை இழந்தார். அத்தேர்தலுக்கு முன் 500க்கும் மேற்பட்ட வேட்பாளரைத் தகுதிநீக்கியது பாத் நீக்க ஆணையத்தின் வாரிசு அமைப்பே.

2005ஆம் ஆண்டின் நிரந்தர அரசியலமைப்பு, 18ஆம் பிரிவில், இறையாண்மை அல்லது உயர் பாதுகாப்புப் பதவி ஏற்போர் பிற குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்றும், இதனைச் சட்டம் ஒழுங்குபடுத்தும் என்றும் கூறியது. ஜாஃபரிக்குப் பின் வந்த மாலிகி சிரியாவிலும் ஈரானிலும், ஹைதர் அல்-அபாதி பிரிட்டனிலும், ஆதில் அப்துல் மஹ்தி பிரான்சிலும், முஸ்தஃபா அல்-காதிமி பிரிட்டனிலும் வாழ்ந்து திரும்பியவர்கள். 2019 அக்டோபரில் பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட இளைஞர்கள் ‘எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்’ என்று முழங்கி, முஹாசசா ஒழிய வேண்டும் என்றனர். அப்துல் மஹ்தி பதவி விலகினார். அவ்விளைஞருள் பலர் 2003இல் குழந்தைகள். நாட்டை விட்டு நீங்காத ஒருவர், முஹம்மத் ஷியா அல்-சூதானி, பிரதமராவதற்கு 2022 அக்டோபர் வரை ஆயிற்று. அவரை முன்மொழிந்த ஒருங்கிணைப்புக் கூட்டமைப்பில் மாலிகியும், பத்ர் அமைப்பின் ஹாதி அல்-ஆமிரியும், அல்-ஹக்கீம் குடும்பத்தின் அம்மாரும் இருந்தனர்.